மேல்வீட்டுக் குழாய்

துர்சுன் படியிறங்கி வந்தபோது அவள் முகத்தில் ரத்த ஓட்டமே இல்லை. வலது கையை இடது கையால் ஏந்திப் பிடித்திருந்தாள். கதவைத் திறந்த அனார்குல், மேல்வீட்டுக்காரிக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள்.

"அனார்குல், எங்க வீட்டுக்குள்ள ஏதோ வந்திருக்குடி."

"என்னது வந்திருக்கு? உள்ள வா முதல்ல."

"கொழாயத் திறக்கக் கைய வச்சேன். வெடுக்குன்னு புடிச்சு இழுத்துச்சு. தோள்பட்டை வரைக்கும் போச்சு. பேத்தியக் குளிப்பாட்ட ரூமுக்குள்ள ஹீட்டர் போட்டு வச்சிருந்தோம், நேத்து வரைக்கும் அனலா அடிச்சது, இன்னைக்கு அதுவும் செத்துப்போச்சு. நாளைக்குப் பிள்ளைக்கு நாப்பதாம் நாள். இன்னும் ஒரே ஒரு ராத்திரி. அதுக்குள்ள வந்து நிக்குது பாரு."

அனார்குல் கதவைச் சாத்தினாள். நாற்பது கழியாத வீட்டில் தாயையும் பிள்ளையையும் சுற்றி என்னென்ன உலாவும் என்று அவளுக்கும் தெரியும். அந்தப் பேரைச் சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்று பயந்து இரண்டு பேருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "தலைமாட்டுல கத்தி வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டாள்.

"மொத நாள்லேர்ந்தே வச்சிருக்கேன். ஆனா இது எப்பவும் இல்ல. இப்பத் தொட்டா ஒண்ணும் இல்ல. ஹீட்டர் வேலை செய்யுதான்னு மறுபடி போட்டுப் பாத்துட்டு வந்து தொட்டேன், மறுபடி கடிக்குது. வந்து வந்து போகுதுடி."

அலமாரி மேலிருந்த காய்ந்த ஆர்ச்சாக் கிளையில் பாதியை ஒடித்துக் கொடுத்தாள் அனார்குல். மலையிலிருந்து கொண்டுவந்தது. அதன் புகைக்கு எந்தத் துஷ்டமும் நிற்காது. "எல்லா மூலையிலயும் காட்டு. கொழாய்கிட்ட ரெண்டு தரம் காட்டு. நாளைக்கு விருந்துக்கு என் மருமவள அனுப்புறேன், சாமான் பூராத்தையும் அவ கழுவிடுவா. நீ அந்தப் பக்கமே போகாத."

துர்சுன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். அனார்குல் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே போர் நடந்து முடிந்த மாதிரி இருந்தது. காரைத் தூசி, வெட்டியெடுத்த பழைய இரும்புக் குழாயின் துரு, சுவரோரம் புத்தம்புதிதாக நின்ற வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். எல்லாம் பால்கனியில் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த ஒரு மிஷினுக்காக.

பாத்திரம் கழுவுகிற மிஷின். மகன் உலான் வாங்கிவந்தது. மினிபஸ் ஓட்டுகிறவனுக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று இவள் கேட்டதற்கு, "ஜிபெக்கோட கையப் பாத்தீங்களாம்மா? விரலிடுக்கு பூரா வெடிச்சு ரத்தம் வருது" என்றான். மருமகளின் கையை அனார்குல் பார்த்திருந்தாள். இவள் மருமகளாக வந்த காலத்தில் இவள் கையும் அப்படித்தான் இருந்தது. யார் வந்து மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள்?

விஷயம் கட்டடம் முழுக்கப் பரவியபோது அவளுக்கு மானம் போனது போலிருந்தது. மருமகள் உள்ள வீட்டில் மிஷின் வைத்தால், அந்த மருமகள் சோம்பேறி என்றுதானே சொல்வார்கள்? அதனால் முந்திக்கொண்டு அவளே ஒரு கேலியைச் செய்து வைத்திருந்தாள். கட்டட வாசல் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் போகும்போதும் வரும்போதும் அதைச் சொல்வாள்: "எங்க வீட்ல ஏற்கெனவே ஒரு மிஷின் இருக்கு. அதுக்குத் தண்ணிக் கனெக்‌ஷன் வேண்டாம், கரன்டு வேண்டாம். ஒரு அதட்டல் போதும்." பெண்கள் சிரிப்பார்கள். ஜிபெக் பக்கத்தில் நின்றால் அவளும் தலைக்குட்டையைச் சரிசெய்துகொண்டே சிரிப்பாள்.

மறுநாள் காலை ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. நிலக்கரிப் புகை தரையோடு தரையாக நின்று, எதிர்க் கட்டடம் இருக்கிற இடமே தெரியவில்லை. ஒன்பது மணிக்கு சபார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். குழாய் வேலை, மின்சார வேலை, பூட்டு ரிப்பேர், எதைக் கேட்டாலும் இந்த நாலு கட்டடத்துக்கும் அவன்தான். வேலை சுத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் கூப்பிட்டால் வருவான், பேசிக்கொண்டே இருப்பான்.

"நேத்து தண்ணி வேலை முடிஞ்சுது. இன்னைக்குக் கரன்டு வேலை" என்றான், டீயை ஊதிக்கொண்டே. "மிஷின எங்க வைக்கப்போறீங்கக்கா? பாத்திரம் கழுவுற தொட்டிக்குப் பக்கத்துல வச்சா வசதி."

"வசதியெல்லாம் இருக்கட்டும். அலமாரிக்குள்ள வச்சுக் கதவு போட்டுடு. வர்றவங்க கண்ணுல படக் கூடாது."

"மிஷின் வாங்கி மறைச்சு வைக்கிறது உங்க வீட்ல மட்டும்தான்."

"உனக்கென்ன? நீ சொன்னதச் செய்."

ஜிபெக், எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் தட்டை சபார் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, இடுப்பில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேலே போக வேண்டிய நேரம். அவள் தயங்குவதை அனார்குல் கவனித்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தே. அந்த வீட்டுக் கொழாய்..."

"அதெல்லாம் நாப்பது கழியாத பச்சைப்பிள்ளையத் தேடி வர்றது. உன்னை என்ன செய்யும்? நல்லாக் கேட்டுக்க. அங்க முப்பது பேர் வர்றாங்க. மிஷின் வாங்கினவ வீட்டு மருமவ எப்படிக் கழுவுறான்னு அத்தனை பேரும் பாப்பாங்க. கடைசிக் கிண்ணத்தத் துடைச்சு வச்சிட்டுத்தான் படியிறங்கணும். பாதியில வந்து நின்ன, அப்புறம் என்னைக் கேக்காத."

"சரி அத்தே."

போய்விட்டாள். அவளுடைய கைபேசி குளிர்ப்பெட்டி மேலேயே கிடந்தது.

சபார் சுவரில் காடி வெட்ட ஆரம்பித்தான். மீட்டரிலிருந்து தனியாக ஒரு தடித்த செம்புக் கம்பி, தனியாக ஒரு சுவிட்சு. பழைய அலுமினியக் கம்பியில் இந்த மிஷினை மாட்டினால் சுவரே பற்றிக்கொள்ளும் என்றான். கழிவுநீர்க் குழாயைத் தொட்டியின் அடிவரைக்கும் தூக்கி வளைத்துக் கட்டினான். இல்லையென்றால் அழுக்குத் தண்ணீர் திரும்ப மிஷினுக்குள் வரும் என்றான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. மேலே ஆட்கள் வந்து சேருகிற காலடிச் சத்தமும், குழந்தை அழுகிற சத்தமும், பெண்களின் சிரிப்பும் கூரை வழியாக இறங்கின. ஆட்டுக்கறி வேகிற வாசனை படிக்கட்டை நிறைத்தது.

"எல்லாம் சரி, எர்த்துதான் இல்ல" என்றான் சபார். "இந்தக் கட்டடம் கட்டும்போது மூணாவது கம்பியே போடல. எல்லாரும் கொழாய்லதான் கட்டிக்கிறாங்க. கீழ்ப் பக்கம் நேத்து நாம பிளாஸ்டிக் போட்டுட்டோம். இதோ, கூரையிலேர்ந்து இறங்குது பாருங்க பழைய இரும்பு, ஒரு முழம். அதுல கட்டிடலாம்."

முக்காலியில் ஏறி, இரும்பைச் சுரண்டித் துருவை நீக்கினான். கைப்பழக்கத்தில் டெஸ்டரை எடுத்து அதில் வைத்தான்.

டெஸ்டருக்குள் சின்ன விளக்கு எரிந்தது.

சபார் பேசுவதை நிறுத்தினான். காலையிலிருந்து அவன் வாய் ஓய்ந்தது அப்போதுதான். டெஸ்டரை உதறிவிட்டு மறுபடி வைத்தான். மறுபடி எரிந்தது.

"என்னடா?"

"அக்கா," என்றான். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "மேல்வீட்ல கொழாய் ஷாக் அடிக்குதுன்னு யாராவது சொன்னாங்களா?"

அனார்குல் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "நேத்து சாயங்காலம். துர்சுன். ஏதோ கடிச்சுதுன்னு. ஹீட்டரும் வேலை செய்யலன்னு..."

"ஹீட்டரப் போட்டாத்தான் கடிக்குதுன்னாங்களா?"

அவள் யோசித்தாள். மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு வந்து தொட்டேன், மறுபடி கடிக்குது. அப்படித்தான் சொன்னாள். வந்து வந்து போகிறது என்று.

"ஆமா."

சபார் முக்காலியிலிருந்து குதித்தான். "இப்பவும் யாரோ அதப் போட்டு வச்சிருக்காங்க. அந்த வீட்ல முன்னாடி குடியிருந்த எவனோ மீட்டர ஏமாத்தக் கொழாயில கம்பி கட்டியிருக்கான். முன்ன பஞ்சம் வந்தப்ப பாதிப் பேர் செஞ்சதுதான், என் மாமனாரே செஞ்சாரு. ஹீட்டருக்குப் போற கரன்டு திரும்ப அந்தக் கொழாய் வழியாத்தான் மண்ணுக்கு இறங்கிக்கிட்டிருந்திருக்கு. இத்தனை வருஷமா யாருக்கும் தெரியல. நேத்து நான் நடுவுல பிளாஸ்டிக்க வச்சு வழிய அடைச்சிட்டேன். இப்ப அது போக இடமில்லாம கொழாய்லயே நிக்குது. எவனாவது தொட்டா அவன் வழியா இறங்கும்."

"தொட்டா?"

"ஈரக் கையில தொட்டா ரொம்ப மோசம். ஒரு கை கொழாயிலயும் இன்னொரு கை சுவர்ல அறையச் சூடாக்குற இரும்பு ரேடியேட்டர்லயும் பட்டுச்சுன்னா..." அவன் கூரையைப் பார்த்தான். "மேல யாருக்கா பாத்திரம் கழுவுறது?"

"எங்க ஜிபெக்!" என்றாள் அனார்குல். குளிர்ப்பெட்டி மேலிருந்த கைபேசியைப் பார்த்தாள். அவளுடைய முழங்கால் இரண்டும் நாலு வருஷமாக வேலை செய்வதில்லை. படி ஏறுவதென்றால் ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் வேண்டும். அன்றைக்கு அவள் எப்படி ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கைப்பிடிக் கம்பியைத் தொடக்கூடப் பயந்தாள். இரும்பு என்று எதைப் பார்த்தாலும் அது உயிரோடு இருப்பது போலிருந்தது.

ஜிபெக் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? இந்நேரம் கறித்தட்டுகள் உள்ளே வந்திருக்கும். ஆட்டுக்கொழுப்பு குளிர்ந்தால் தட்டில் மெழுகாக உறைந்துவிடும், எடுக்கவே முடியாது. கைவிடாமல் கழுவுவாள். அவளுக்குக் கைவிடத் தெரியாது. கைவிடக் கூடாது என்று சொல்லி அனுப்பியது யார்? அல்லாவே, அவளை அங்கே அனுப்பியது யார்?

மேல் தளத்தில் மின்பெட்டியின் கதவு, பிள்ளைகள் திறக்காமலிருக்கக் கம்பியால் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. சபார் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே குறடால் முறுக்கை அவிழ்த்தான். "உள்ள போங்கக்கா! அவளத் தொட்டுடாதீங்க! எது நடந்தாலும் தொடாதீங்க!"

விசேஷ வீடு, கதவு பூட்டவில்லை. வாசலில் பெண்களின் செருப்பும் பூட்ஸும் முப்பது ஜோடி குவிந்து கிடந்தன. அனார்குல் அவற்றின் மேலேயே மிதித்து நடந்தாள். ஆர்ச்சாப் புகை கண்ணைக் கரித்தது. பெரிய அறையில் பெண்கள் வட்டமாக நின்று, நடுவில் பிளாஸ்டிக் தொட்டியில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, நாற்பதாம் நாள் சடங்குக்கு மரக்கரண்டியால் நாற்பது தரம் தண்ணீர் ஊற்றி ஒரே குரலில் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"முப்பத்தொண்ணு! முப்பத்திரெண்டு!"

"அனார்குல், வா வா! நீயும் ஒரு கரண்டி ஊத்து!" என்று துர்சுன் கூப்பிட்டாள். அனார்குல் அவர்களைத் தாண்டிப் போனாள். ஒரு விருந்தாளியின் காலில் ஜிபெக்கின் பச்சை வீட்டுச்செருப்பு இருந்ததை மட்டும் அவள் கண் பார்த்தது. விருந்தாளிகளுக்குச் செருப்புப் போதாமல் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். நல்ல மருமகள்கள் அப்படித்தான் செய்வார்கள்.

சமையலறை வாசலில் நின்றாள்.

ஜிபெக் முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றிருந்தாள். தரை முழுக்க ஈரம். கம்பளிக் காலுறை இரண்டும் நனைந்து கறுத்திருந்தன. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையில் ஒரு மரக் கரண்டி. அதன் காம்பால்தான் குழாயின் பிடியை அழுத்திக்கொண்டிருந்தாள். ஆனால் கரண்டி ஈரத்தில் வழுக்கியது. வழுக்கும்போதெல்லாம் விரல் குழாயில் பட்டது. பட்டபோதெல்லாம் அவள் தோள் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. வலது கை, துடைக்கும் துண்டை எடுக்க ஜன்னல் பக்கம் நீண்டுகொண்டிருந்தது. துண்டு ரேடியேட்டர் மேல் காய்ந்துகொண்டிருந்தது.

சாண் அளவு இடைவெளி இருந்தது. அதுகூட இல்லை.

தொடாதே என்று சபார் சொன்னான். கூப்பிட்டால் திடுக்கிட்டுக் குழாயையே பிடித்துக்கொள்வாளோ? அனார்குலுக்கு யோசிக்க நேரமில்லை. அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த இரண்டு வருஷமாக அந்தப் பெண்ணிடம் அவள் வேறெதையும் பயன்படுத்தியதில்லை.

"ஏய்! நில்லுடி!"

ஜிபெக் நின்றாள். தலையிலிருந்து கால் வரைக்கும் நின்றாள். கரண்டி தொட்டிக்குள் விழுந்தது. நீட்டிய கை துண்டுக்கு அரைச்சாண் இந்தப் பக்கம் அப்படியே அந்தரத்தில் நின்றது. அதட்டல் கேட்டால் அவள் உடம்பு அப்படித்தான் நிற்கும், மூச்சுகூட வாங்காது.

அந்த நொடியில் விளக்கு அணைந்தது. பெரிய அறையில் பெண்கள் கூச்சலிட்டார்கள். எவளோ இருட்டென்றும் பாராமல் எண்ணிக்கையைத் தொடர்ந்தாள். "முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது..." வெளியே சபார், "அணைச்சாச்சு! அணைச்சாச்சு!" என்று கத்தினான்.

பனி மூட்டத்தின் சாம்பல் வெளிச்சத்தில் ஜிபெக் மெல்லத் திரும்பினாள். கன்னமெல்லாம் கண்ணீர். வெகுநேரமாக அழுதுகொண்டேதான் கழுவியிருக்கிறாள். மேடை மேல் கழுவிய கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, சீராக, பளபளவென்று அடுக்கியிருந்தன.

"முடிச்சிட்டேன் அத்தே," என்றாள், பல் தந்தியடிக்க. "திட்டாதீங்க. இன்னும் ரெண்டே ரெண்டு கிண்ணம்தான் இருக்கு."

அதன்பிறகு நடந்ததெல்லாம் கூச்சலும் குழப்பமும்தான். துர்சுன் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். சபார் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஹீட்டர் மாட்டியிருந்த பிளக் பாயின்ட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக்குள் புதைந்திருந்த திருட்டுக் கம்பியைப் பிடுங்கி எடுத்தான். ஒரு முழ நீளம்கூட இல்லை. பெண்கள் அதைச் செத்த பாம்பைப் பார்க்கிற மாதிரி எட்ட நின்று பார்த்தார்கள். குழந்தையை மட்டும் நல்லவேளை, குளிர் தாக்காமலிருக்க நேற்றே பிடித்து அடுப்பில் காய்ச்சிய தண்ணீரில், வெதுவெதுப்பான அறையில் வைத்துக் குளிப்பாட்டினார்கள். அதற்கு ஒரு குறையும் இல்லை. பால் கேட்டு அழுதுகொண்டிருந்தது.

"தரையில லினோலியம் விரிப்பு இருந்துச்சு, கரன்டு முழுசா இறங்கல, அதான் பிழைச்சா" என்றான் சபார். "என் தப்பும் இருக்குக்கா. பிளாஸ்டிக் வைக்கிறதுக்கு முன்னாடி மேல ஒரு தடவை டெஸ்டர் வச்சுப் பாத்திருக்கணும். யாரு பாக்குறா, அப்படியே பழகிப்போச்சு."

ஜிபெக்கைக் கீழே கூட்டிவந்தாள் அனார்குல். கூட்டிவந்தாள் என்பதுகூடச் சரியில்லை. முன்னால் இவள் நடந்தாள், பின்னால் அவள் வந்தாள். சமையலறையில் உட்காரவைத்து, ஈரக் காலுறையைக் கழற்றச் சொல்லி, பால் டீயில் வெண்ணெயும் உப்பும் போட்டுக் கொடுத்தாள். ஜிபெக்கின் இடது கை விரல் நுனிகளில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஏற்கெனவே வெடித்திருந்த விரலிடுக்குகளில் ரத்தம் கசிந்திருந்தது.

"காட்டு" என்று அந்தக் கையைப் பிடிக்கப் போனாள்.

கை சட்டென்று பின்னால் போனது. குழாயிலிருந்து அது எப்படித் துள்ளியதோ அதே மாதிரி. ஜிபெக்கே திடுக்கிட்டு, தப்புச் செய்தவள் போல, உடனே கையைத் திரும்ப நீட்டினாள். ஆனால் அனார்குல் பார்த்துவிட்டாள்.

சபார் வாசலில் தலையை நீட்டினான். "அக்கா, அந்த அலமாரிக் கதவு அளவு எடுக்கட்டுமா? மறைக்கணும்னீங்களே."

"வேண்டாம்."

"அப்ப எங்க வைக்க?"

"தொட்டிக்குப் பக்கத்துல. வாசல்ல நின்னா தெரியணும்." கொஞ்சம் பொறுத்து, "அதுக்கு முன்னாடி எர்த்துக்கு வழி பாரு. கொழாய்ல கட்டாத. வெளிய இருக்கிற கரன்டு பெட்டியிலேர்ந்து புதுசா மூணு கம்பி இழு. எத்தனை நாள் ஆனாலும் சரி" என்றாள்.

அவன் போனான். ஈரப்பனி கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. அனார்குல் எதிரே உட்கார்ந்தாள். கேட்கவேண்டாம் என்றுதான் நினைத்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மொதத் தடவை கடிச்சப்பவே கீழ வந்திருக்கலாமே. ஏன் வரல?"

ஜிபெக் டீக் கோப்பையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றம் சொல்கிற குரலில் அல்ல, விவரம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"கொழாய் கடிச்சா கை மட்டுந்தானே அத்தே வலிக்கும்."

அனார்குலுக்குப் பெஞ்சிப் பெண்கள் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. கரன்டு வேண்டாம், ஒரு அதட்டல் போதும். அந்தப் பேச்சை இந்தப் பெண் எத்தனை தடவை சிரித்துக்கொண்டே கேட்டிருப்பாள்?

டீ குடித்து முடிந்திருந்தது. காலிக் கோப்பைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜிபெக் பழக்கத்தில் எழுந்தாள், தொட்டிப் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

நீ இரும்மா, நான் கழுவுறேன் என்றுதான் அனார்குல் சொல்ல வாயெடுத்தாள். மெதுவாக, ஆசையாகச் சொல்லத்தான் நினைத்தாள். அந்தக் குழாயைப் பார்த்த பயத்தில் வழக்கமான குரல்தான் வந்தது.

"உக்காருடி!"

ஜிபெக் கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டு டக்கென்று உட்கார்ந்தாள்.